ஓரத்துப் பெஞ்சு



விளையாட்டைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் களத்தில் ஓடியவரைப் பற்றியே பேசுகிறோம். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், களத்தில் ஓடாமல் ஓரத்தில் அமர்ந்திருந்தவரைப் பற்றியது. அவருக்கு ஆடும் வலிமை உண்டு. ஆடிப் பெற்ற புகழ் உண்டு. அணியிலேயே மிகுதியான ஊதியமும் உண்டு. அணியோ தோல்விமேல் தோல்வி கண்டு தத்தளிக்கிறது. அத்தகைய வேளையில் அந்த மூத்த ஆட்டக்காரரைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, அவர் ஊதியத்தில் பத்தில் ஒரு பங்குகூடப் பெறாத இளைஞன் ஒருவனைக் களத்துக்கு அனுப்புகிறார்கள். பொன்னைப் பெட்டியில் பூட்டிவிட்டுப் பித்தளையை அணிந்துகொள்வது போன்ற இச்செயலுக்குக் காரணம் என்ன? அது நேர்மையான செயல்தானா? அமெரிக்காவின் கூடைப்பந்தாட்டத்தில் நிகழ்ந்த சில நிகழ்ச்சிகளைக் கொண்டு இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வோம்.

கூடைப்பந்து நம் கல்லூரிகளுக்குப் புதிய ஆட்டம் அன்று. 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில், இளைஞர் கிறிஸ்தவ சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர், பீச்சுப் பழம் வைக்கும் கூடைகள் இரண்டை மேல்மாடத்தின் கைப்பிடிக் கம்பியில் பொருத்தி இதனைத் தொடங்கிவைத்தார். அச்சங்கத்தின் உடற்பயிற்சிக் கல்லூரி சென்னையில் 1920-ஆம் ஆண்டில் தோன்றியது. ஆகவே, பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதும் கூடையை நோக்கி எறிவதும் எப்படி என்று நான் விளக்க வேண்டியதில்லை. அந்நாட்டில் தொழில்முறை ஆட்டத்தை நடத்தும் என்.பி.ஏ. என்னும் சங்கத்தின் சில ஏற்பாடுகளை மட்டும் கூறுகிறேன்.

முதலில் ஓர் எளிய கணக்கு. அச்சங்கத்தின் ஓர் ஆட்டம் 48 நிமிடம் நடைபெறும். ஓர் அணியில் ஒரு நேரத்தில் களத்தில் நிற்போர் ஐவர். ஐந்தை நாற்பத்தெட்டால் பெருக்கினால் 240 வரும். ஓர் அணியின் பயிற்சியாளர் ஓர் இரவில் பங்கிடக்கூடிய செல்வம் இந்த 240 நிமிடங்களே. அவரிடமுள்ள ஆட்டக்காரர்களோ ஏறத்தாழப் பதினைந்து பேர். எத்துணைப் பணம் படைத்த அணியாயினும் 241-ஆம் நிமிடத்தை விலைக்கு வாங்க இயலாது. ஒருவருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு நிமிடமும் இன்னொருவரிடமிருந்து எடுத்ததாகும். கல்லூரி அணியில் பல ஆட்டங்களை ஓரத்திலிருந்தே பார்த்தவன் நான். அங்கிருந்து பார்க்கும்போது இக்கணக்கு மிகத் தெளிவாகத் தெரியும். ஆகவே, ஒருவரை உட்கார வைத்தல் என்பது அவருக்குத் தரும் தண்டனையாக இருக்கலாம். இன்னொருவருக்குத் தரும் வாய்ப்பாகவும் இருக்கலாம்.

அடுத்து, ஊதியம். மூத்தவர்களே மிகுதியாகப் பெறுவது ஏன்? என்.பி.ஏ.யில் 1984-ஆம் ஆண்டு முதல் ஊதியத்துக்கு உச்சவரம்பு உண்டு. ஓர் அணி மொத்தத்தில் எவ்வளவு ஊதியம் வழங்கலாம் என்பதற்கு ஓர் அளவை ஆண்டுதோறும் நிர்ணயிக்கிறார்கள். விதிவிலக்குகள் சில அந்த அளவை மீறவும் இடம் தருகின்றன. தனி மனிதருக்கும் வரம்பு உண்டு. பொதுவாக, ஆறு ஆண்டுகள் வரை ஆடியவர் உச்சவரம்பில் 25 விழுக்காடும், ஏழு முதல் ஒன்பது ஆண்டுகள் ஆடியவர் 30 விழுக்காடும், பத்தாண்டும் அதற்கு மேலும் ஆடியவர் 35 விழுக்காடும் பெறலாம். புதிதாக வரும் இளைஞர்களுக்கோ ஊதியம் ஓர் அட்டவணைப்படி சிறியதாகவே அமையும். ஆண்டுகள் ஏற ஏறப் பணம் ஏறுகிறது. கால்களின் வேகமோ எதிர்த்திசையில் செல்கிறது. இவ்விரு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில்தான் நம் கதை தொடங்குகிறது.

இன்னும் ஒன்று. இச்சங்கத்தின் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் உறுதி செய்யப்பட்டவை. ஆட்டக்காரர் ஆடினாலும் ஆடாவிட்டாலும் அவருக்குரிய பணத்தைக் கொடுத்தே தீர வேண்டும். ஆட்டம் குறைந்துவிட்டது என்று ஊதியத்தைக் குறைக்க இயலாது. எனவே, உட்கார வைப்பதால் அணிக்கு ஒரு காசும் மிச்சமில்லை. விலை கொடுத்து வாங்கிய செருப்பு காலைக் கடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கொடுத்த விலையை நினைத்து அதனையே மாட்டிக்கொண்டு நடந்தால், போன பணம் திரும்பி வருவதில்லை, புண்தான் மிஞ்சுகிறது. கொடுத்தாகிவிட்ட பணத்தை மறந்து, இனி நடக்க வேண்டிய தொலைவை மட்டும் எண்ணிப் பார்ப்பவனே அறிவாளி என்று பொருளியலார் கூறுவர். கேட்பதற்கு எளிய அறிவுரை இது. கோடிக்கணக்கில் கொடுத்தவனுக்கு அதனைப் பின்பற்றுவது அத்துணை எளிதன்று.

இனி நிகழ்ச்சிகளைக் காண்போம். உட்கார வைத்தல் மூன்று வகைப்படும் என்பது என் கருத்து.

முதல் வகை, வெல்வதற்காக உட்கார வைத்தல். ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் என்பவர் 2017-ஆம் ஆண்டில் சங்கத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்னும் விருது பெற்றவர். அதே ஆண்டில் ஓக்லஹோமா நகரத்து அணியாகிய தண்டர், அவரோடு ஐந்தாண்டுகளுக்கு 20 கோடியே 50 லட்சம் டாலருக்கு ஒப்பந்த நீட்டிப்புச் செய்துகொண்டது. அவ்வொப்பந்தம் கைமாறிக் கைமாறி, 2021-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணியிடம் வந்து சேர்ந்தது. அதன் இறுதி ஆண்டாகிய 2022-23-இல் அவருடைய ஊதியம் 4 கோடியே 70 லட்சம் டாலர். அவ்வாண்டின் உச்சவரம்பு 12 கோடியே 36 லட்சம் டாலர். அதாவது, ஓர் அணிக்குரிய அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட தொகை ஒரே மனிதருக்குச் சென்றது. 28 வயதில் செய்த சாதனைக்காக நிர்ணயித்த விலையை 34 வயதில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

லேக்கர்ஸ் அவ்வாண்டின் முதல் ஐந்து ஆட்டங்களிலும் தோற்றது. ஐந்தாம் ஆட்டத்தில், 2022 அக்டோபர் 28 அன்று, பயிற்சியாளர் டார்வின் ஹாம் வெஸ்ட்புரூக்கைத் தொடக்க ஐவரிலிருந்து நீக்கி, பெஞ்சிலிருந்து எழுந்து வரும் ஆட்டக்காரராக ஆக்கினார். முற்றும் ஒதுக்கிவிடவில்லை, அவருடைய வேகம், எதிரணியின் முதல் ஐவர் களைத்திருக்கும் நேரத்தில் மிகுதியாகப் பயன்படும் என்பதே எண்ணம். அன்றே அவர் 18 புள்ளிகள் எடுத்தார், அணி தோற்றது. அடுத்த ஆட்டத்தில் முதல் வெற்றி கிட்டியது. ஆயினும் நோய் ஒரே மருந்தில் தீரவில்லை. முதல் பன்னிரண்டு ஆட்டங்களில் இரண்டே வெற்றிகள். 2023 பிப்ரவரியில் அவரை வேறு அணிக்கு மாற்றி, அவருடைய ஊதியத்துக்கு ஈடாக ஒருவருக்குப் பலராக ஆட்டக்காரர்களைப் பெற்றார்கள். அதன் பின்னரே லேக்கர்ஸ் தலைதூக்கி, 43 வெற்றிகளோடு மேற்குப் பிரிவின் இறுதிச் சுற்று வரை சென்றது.

இதில் நான் போற்றுவது அதற்குப்பின் நடந்ததை. வெஸ்ட்புரூக் அந்நகரத்தின் மற்றோர் அணியாகிய கிளிப்பர்ஸில் சேர்ந்து, தொடக்க ஐவரில் இடம் பெற்றார். 2023 நவம்பரில் அங்கு இன்னொரு புகழ் பெற்ற ஆட்டக்காரர் வந்து சேர்ந்தபோது, அணியின் ஒற்றுமை கருதி, தாமே பெஞ்சுக்குச் செல்வதாக முன்வந்தார். ஓராண்டுக்கு முன் பிறர் இட்ட இடத்தை இப்போது அவரே தேர்ந்துகொண்டார். அதே பெஞ்சுதான்; அதில் அமர்ந்தவரின் உள்ளம் வேறு.

இரண்டாம் வகை, உறவு முறிந்ததால் உட்கார வைத்தல். நியூயார்க் நிக்ஸ் அணியில் ஸ்டீபன் மார்பரி 2 கோடி டாலருக்கு மேல் ஊதியம் பெற்று வந்தார். அந்நகரிலேயே பிறந்து வளர்ந்தவர். 2008-இல் மைக் டான்டோனி புதிய பயிற்சியாளராக வந்தார். அவ்வாண்டின் முதல் ஆட்டத்தன்று, அக்டோபர் 29-இல், மார்பரி ஒரு நிமிடமும் ஆடவில்லை. அரங்கில் இருந்தோர் அவர் பெயரைச் சொல்லிக் கூவினர். பின்னர் நவம்பரில், ஆட்கள் குறைந்த ஓர் ஆட்டத்தில் ஆடுமாறு கேட்டபோது அவர் மறுத்ததாக அணி கூறித் தண்டித்தது. அவரோ வேறு விதமாகக் கூறினார். 2009 பிப்ரவரியில் ஒரு தொகையை உடன்பட்டு ஒப்பந்தத்தையே முடித்துக்கொண்டார்கள். அந்தப் பருவத்தில் நிக்ஸுக்காக அவர் ஓர் ஆட்டமும் ஆடவில்லை; அணியோ 82 ஆட்டங்களில் 50-இல் தோற்றது.

இங்கே உட்கார வைத்ததால் யாருக்கு நன்மை? அணிக்கு வெற்றி வரவில்லை. ஆட்டக்காரருக்கு மானம் போயிற்று. பார்வையாளருக்கோ செய்தித்தாளில் சண்டை கிடைத்தது, களத்தில் ஆட்டம் கிடைக்கவில்லை. ஆனால், மார்பரியின் கதை அத்துடன் முடியவில்லை. 2010-இல் அவர் சீன நாட்டுக்குச் சென்றார். பீஜிங் நகர அணிக்கு 2012, 2014, 2015 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் சீனச் சாம்பியன் பட்டத்தை வென்று தந்தார். அந்நகரத்தார் அவருக்குச் சிலை வைத்தனர். ஓரிடத்துப் பெஞ்சு ஒரு மனிதனின் முழு அளவுகோல் ஆகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மூன்றாம் வகையே மிகவும் சிக்கலானது. அது நாளைக்காக இன்று உட்கார வைத்தல். இதனை அறியச் சங்கத்தின் இன்னோர் ஏற்பாட்டையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் புதிய இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கின்றன. நலிந்த அணி வலிமை பெற வேண்டும் என்னும் நல்லெண்ணத்தால், இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெறாத அணிகளுக்கு முன்னிடம் தந்து, அவர்களுக்குள் குலுக்கல் நடத்துகிறார்கள். மிகவும் தோற்ற அணிக்கு முதலிடம் கிடைக்கும் வாய்ப்பு ஒரு காலத்தில் 25 விழுக்காடாக இருந்தது. ஏழைக்கு உதவ ஏற்பட்ட இவ்விதியில் ஒரு கேடும் ஒளிந்திருக்கிறது. தோல்விக்குப் பரிசு உண்டென்றால், தோற்க விரும்புவோரும் தோன்றுவர் அன்றோ?

அல் ஹார்போர்ட் டொமினிக்கன் குடியரசில் பிறந்தவர். உயரமும் அறிவும் அமைதியும் வாய்ந்த ஆட்டக்காரர். 2019-இல் பிலடெல்பியா அணி அவரோடு நான்காண்டுகளுக்கு 10 கோடியே 90 லட்சம் டாலர் வரை செல்லும் ஒப்பந்தம் செய்தது. அது பொருந்தி வராமையால், 2020 டிசம்பரில் அவர் ஓக்லஹோமாவின் தண்டர் அணிக்கு மாற்றப்பட்டார். தண்டர் அப்போது தன் புகழ் பெற்ற ஆட்டக்காரர்களை எல்லாம் விற்றுவிட்டு, இளைஞர்களைத் திரட்டிக்கொண்டிருந்த அணி. ஹார்போர்ட் அங்கு 28 ஆட்டங்கள் நன்றாகவே ஆடினார். ஆனால், 2021 மார்ச் இறுதியில், எஞ்சிய பருவம் முழுவதும் அவர் ஆடமாட்டார் என்று அணி அறிவித்தது. இளைஞர்களுக்கு நேரம் கொடுப்பதற்காக இருதரப்பும் பேசி ஒப்புக்கொண்ட முடிவு என்று பொது மேலாளர் சாம் பிரெஸ்டி கூறினார். 34 வயதான ஹார்போர்ட் உடல் நலத்துடன் இருந்தார்; அவ்வாண்டில் அவருக்குரிய ஊதியம் 2 கோடியே 75 லட்சம் டாலர்.

சொல்லாத காரணங்களும் இருந்திருக்கும் என்று எண்ண இடமுண்டு. அவர் காயம் அடைந்தால் வேறு அணி அவரை வாங்காது. அவர் ஆடினால் சில ஆட்டங்களில் வெற்றி கிட்டும். வெற்றி கிட்டினால் குலுக்கலில் வாய்ப்புக் குறையும்.

விளைவு என்ன? அந்த 2021 வசந்தத்தில் தண்டர் பட்ட அடி கொஞ்சமன்று. மே 1 அன்று, சொந்த ஊரிலேயே, இந்தியானா பேசர்ஸ் அணியிடம் 152-க்கு 95 என்னும் கணக்கில், 57 புள்ளி வேறுபாட்டில் தோற்றது. 72 ஆட்டங்களில் வெற்றி 22 மட்டுமே. அடுத்த பருவத்தில், 2021 டிசம்பர் 2 அன்று, மெம்பிஸ் அணி 152-க்கு 79 என்று வென்றது. 73 புள்ளி வேறுபாடு என்பது சங்கத்தின் வரலாற்றிலேயே மிகப் பெரிய தோல்வியாகப் பதிவாயிற்று. அன்று சீட்டு வாங்கி வந்த சிறுவன் ஒருவன் என்ன கண்டிருப்பான்!

ஆயினும் அதே நாட்களில் இன்னொன்றும் நடந்தது. எந்த அணியும் தேர்வில் எடுக்காது விட்ட லூகன்ட்ஸ் டோர்ட் என்னும் இளைஞர், அந்த ஏப்ரலில் யூட்டா அணிக்கு எதிராக 42 புள்ளிகள் எடுத்தார். தோற்கும் அணியிலும், களத்தில் நின்ற இளைஞர் எவரும் தோற்பதற்காக ஆடவில்லை என்பதற்கு இஃது ஒரு சான்று. இவ்வேறுபாடு மிக நுட்பமானது, மனத்தில் கொள்ளத்தக்கது. ஆடுபவன் தோற்க முயன்றால் அது மோசடி. வலிமை குறைந்தவனை அறிந்தே அனுப்பி, அவன் முழு முயற்சியோடு ஆடித் தோற்பதை ஏற்றுக்கொண்டால், அதனை என்னவென்று சொல்வது? முதலீடு என்பர் சிலர். ஏமாற்று என்பர் சிலர்.

வரலாறு பின்னர் அளித்த விடை சுவையானது. 2021 ஜூனில் ஹார்போர்ட் பாஸ்டன் அணிக்குச் சென்றார். அடுத்த ஆண்டே, பதினைந்து பருவங்கள் ஆடிய பிறகு, வாழ்க்கையில் முதன்முறையாக இறுதிப் போட்டியை எட்டினார். 2024-இல், 38 வயதில், சாம்பியன் ஆனார். தண்டர் அணியோ 2024-25-இல் 68 வெற்றிகள் பெற்று, 2025 ஜூன் 22 அன்று ஏழாவது ஆட்டத்தில் பட்டம் வென்றது. எதிரணி எது தெரியுமா? நான்கு ஆண்டுகளுக்கு முன் 57 புள்ளியில் தோற்கடித்த அதே இந்தியானா.

ஆகவே தோற்றுத் தோற்று வெல்லலாம் என்று முடிவு கட்டிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். கணக்கை நன்கு பார்ப்போம். 2021 குலுக்கல் தண்டருக்குக் கைகொடுக்கவில்லை. கிடைத்தது ஆறாம் இடமே. பட்டம் வென்ற அணியின் தலைவர் ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர் 2019-இல் செய்த ஒரு பரிமாற்றத்தில் வந்தவர். ஜேலன் வில்லியம்ஸைத் தேர்ந்தெடுத்த இடமும் அதே பரிமாற்றத்தில் கிடைத்தது. டோர்ட் தேர்வே பெறாதவர். தோல்வியால் நேராகக் கிடைத்த பெரும்பேறு என்று, 2022-இல் இரண்டாம் இடத்தில் எடுத்த செட் ஹோம்கிரெனை மட்டுமே சொல்லலாம். பட்டத்துக்குக் காரணம் தோல்வியைவிடத் தேர்ந்தெடுக்கும் அறிவும், கிடைத்த நிமிடங்களில் இளைஞர் வளர்ந்ததுமே.

எதிர் உதாரணமும் உண்டு. அதே 2021 பிப்ரவரியில் டிட்ராய்ட் அணி, 3 கோடியே 60 லட்சம் டாலருக்கு மேல் ஊதியம் பெற்ற பிளேக் கிரிபினை உட்கார வைத்தது. அடுத்த மாதம் ஒப்பந்தத்தையும் முடித்துக்கொண்டது. அந்த அணிக்குக் குலுக்கலில் முதலிடமே கிடைத்தது. ஆயினும் 2023-24-இல் அது தொடர்ந்து 28 ஆட்டங்களில் தோற்று, 82-இல் 14 மட்டுமே வென்றது. மீண்டும் நிமிர்ந்தது 2024-25-இல்தான். ஒரே விதை, இரண்டு நிலங்கள். உட்கார வைத்தல் நிலத்தைத் தரிசாக விடுவது போன்றது. பின்னர் உழுது பயிரிட்டால்தான் தரிசு விட்டதற்குப் பயன்.

சங்கமும் வாளாவிருக்கவில்லை. 2019-இல் குலுக்கல் முறையை மாற்றி, கடைசி மூன்று அணிகளுக்கும் சமமாக 14 விழுக்காடு வாய்ப்பே என்றாக்கியது. 2023 ஏப்ரலில் டல்லாஸ் அணி, வென்றால் மேற்சுற்றுக்கு வழியிருந்த ஓர் ஆட்டத்திலும் முக்கியமான ஆட்டக்காரர்களை உட்கார வைத்ததற்காக 7 லட்சத்து 50 ஆயிரம் டாலர் அபராதம் விதித்தது. அதே ஆண்டு செப்டம்பரில், நட்சத்திர ஆட்டக்காரர்களைத் தக்க காரணமின்றி உட்கார வைத்தலுக்கு விதிகளும் வகுத்தது. முதல் மீறலுக்கு ஒரு லட்சம் டாலர், இரண்டாவதற்கு இரண்டரை லட்சம், அதன்பின் ஒவ்வொரு முறையும் பத்து லட்சம் கூடுதல். ஆனால், டல்லாஸ் அந்தத் தோல்வியால் காத்துக்கொண்ட தேர்வு இடத்தைப் பயன்படுத்தியே ஒரு நல்ல இளைஞரைப் பெற்று, மறு ஆண்டு இறுதிப் போட்டி வரை சென்றது. அபராதம் சிறிதாகவும் ஆதாயம் பெரிதாகவும் இருந்தால் விதி என்ன செய்யும்? அந்த இறுதிப் போட்டியில் டல்லாஸை வென்ற பாஸ்டன் அணியில்தான் ஹார்போர்ட் ஆடினார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

நண்பர்களே! ஒருவரை உட்கார வைத்தல் நேர்மையா என்பதற்கு நான் மூன்று சோதனைகளைச் சொல்வேன். உட்காருபவரிடம் உண்மையை முகத்துக்கு நேரே சொன்னார்களா? களத்துக்கு அனுப்பப்பட்டவன் வெல்லவே ஆடுகிறானா? பணம் கொடுத்துப் பார்க்க வருபவனுக்கு, தான் எதைப் பார்க்கப் போகிறோம் என்பது தெரியுமா? வெஸ்ட்புரூக்கின் நிகழ்ச்சி இம்மூன்றிலும் தேறும். மார்பரியின் நிகழ்ச்சி முதற்சோதனையிலேயே தடுமாறும். ஹார்போர்ட் நிகழ்ச்சி முதல் இரண்டில் தேறி, மூன்றாவதில் பாதி மதிப்பெண் பெறும்; ஏனெனில், சீட்டுகளை ஆட்டத்துக்கு நெடுநாள் முன்பே விற்றுவிடுகிறார்கள்.

உங்களில் பலர் என்றேனும் ஓர் அணியிலோ அலுவலகத்திலோ தலைமை ஏற்பீர்கள். அன்று, விலை மிகுந்தவர் என்பதற்காக ஒருவரைத் தொடர்ந்து களத்தில் நிறுத்தவும் வேண்டாம். மூத்தவர் என்பதற்காக ஒதுக்கவும் வேண்டாம். பங்கிட வேண்டிய நிமிடங்கள் எத்தனை, அவை எவர் கையில் பயன் தரும் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணியதை உரியவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அன்றி, நீங்களே ஓரத்துப் பெஞ்சில் அமர நேரிட்டால், பீஜிங்கில் நிற்கும் ஒரு சிலையை நினைத்துக்கொள்ளுங்கள்.